அக்கிலிஸ் கிட்: டெல்லியைக் கட்ட நினைப்பவர்களுக்கு

லியாண்டர் வகுப்பு (ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல் வரிசை) லைட் க்ரூஸரான, அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பலான, 'அக்கிலிஸ்' கப்பலின் 1:600 பிளாஸ்டிக் கிட்டை (துண்டுகளை ஒட்டிக் கட்டும் மாதிரி) ஆன்லைனில் வாங்கி, மதுரை வீட்டு மேசையில் ஏழு வாரங்களில் கட்டி முடித்தேன். 1933-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கடலோரத்தில் நடந்த ரிவர் பிளேட் போரில் 'கிராஃப் ஸ்பீ' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலை எதிர்த்த இதே கப்பல்தான், 1948 ஜூலை 5 அன்று இந்தியக் கடற்படைக்கு வந்து, 'டெல்லி' என்ற பெயரில் 1978 வரை பணியாற்றியது. நான் இதை வாங்கியதும் அதற்காகவே.

சுமார் 169 மீட்டர் நீளக் கப்பல் இதில் 28 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. உடல்பகுதி லேசாக வளைந்து வந்தது. வெந்நீரில் முக்கி, சமதளத்தில் அழுத்தி நிமிர்த்தினேன். அதிகம் உழைக்க வைத்தது புகைப்போக்கி. வகுப்பின் முதல் ஐந்து கப்பல்களில் கொதிகலன்கள் அனைத்தும் அருகருகே இருந்ததால், அவற்றின் புகை ஒரே பெரிய புகைப்போக்கி வழியாக வெளியேறியது. பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்குப் போன மூன்று கப்பல்களில்தான் இரண்டு புகைப்போக்கிகள் உண்டு. பார்த்தவுடன் கண்ணில் படும் அந்த அகன்ற புகைப்போக்கியை இரு பாதிகளாக வார்த்திருக்கிறார்கள். ஒட்டியதும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விழுந்தது. இடைவெளியை அடைக்கும் புட்டி பூசி, மாசி வீதிக் கடையில் வாங்கிய நைஸ் உப்புத்தாளால் மூன்று முறை தேய்த்த பிறகே மறைந்தது. பீரங்கிக் குழல்கள் மாதிரியின் அளவுக்கு ஏற்றபடி மெல்லியவை, நேரானவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் வருத்தம் வேறு. பெட்டியில் இந்தியக் கொடி ஸ்டிக்கரும் தருகிறார்கள். ஆனால் வழிகாட்டித் தாளின்படி கட்டினால் கிடைப்பது, இரட்டை ஆறங்குலப் பீரங்கிகள் கொண்ட நான்கு கோபுரங்களுடன் (சுழலும் பீரங்கிக் கூடுகள்) 1939-ஆம் ஆண்டு அக்கிலிஸ்தான். 1943 ஜனவரியில் பசிபிக் தீவான குவாடல்கனால் அருகே குண்டுபட்டுச் சேதமான 'எக்ஸ்' கோபுரம், அதாவது பின்பக்க மேல் கோபுரம், அதையடுத்து நடந்த பழுதுபார்ப்பில் எடுக்கப்பட்டு, அங்கே 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் வைக்கப்பட்டன. ஆகவே நம்மிடம் வந்த டெல்லிக்கு ஆறு பெரிய பீரங்கிகள்தான். அந்தக் கோபுரத்தை ஒட்டாமல் விட்டு, உபரித் துண்டுகளில் அந்தத் துப்பாக்கிகளை நானே செய்து பொருத்தினேன். இதைத் தாளில் இரண்டு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

அக்கிலிஸாகக் கட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். டெல்லிக்காக வாங்குபவர்கள், முதல் துண்டை ஒட்டும் முன் 1948-க்குப் பிந்தைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.