கடலோர ஸ்டூடியோவுக்கு எந்த வால்வு கம்ப்ரஸர்: ஆப்டோவா, வேரி-மியூவா?

பதிவில் ஏறி இறங்கும் சத்தத்தைச் சமன் செய்யும் வால்வு (வெற்றிடக் குழாய்) கம்ப்ரஸர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, உள்ளே எத்தனை வால்வு என்றுதான். சத்தத்தை அமுக்குகிற வேலையை உள்ளே எது செய்கிறது என்று கேட்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்ஏ-2ஏ வகை ஆப்டோ பெட்டியில் வால்வு எதையும் அமுக்குவதில்லை. டி4 என்ற சிறு டப்பாவுக்குள் ஒளிரும் தகடு ஒன்றும், வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற செல்லும் இருக்கின்றன. பாட்டு ஏற ஏறத் தகடு பிரகாசமாகும், சிக்னல் குறையும். இரண்டு 12ஏஎக்ஸ்7, ஒரு 12பிஎச்7, ஒரு 6ஏக்யூ5 ஆகிய நான்கு வால்வுக்கும் வேலை, சிக்னலைப் பெருக்குவதும் தகட்டை ஒளிரவைப்பதும்தான். வேரி-மியூவில் வால்வேதான் அமுக்குகிறது. சத்தம் கூடும்போது, வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிட் மேலும் மைனஸ் பக்கம் போகிறது, வால்வின் கெய்ன், அதாவது பெருக்கும் அளவு, இறங்குகிறது. இந்த வம்சத்தில் பேர்போனது ஃபேர்சைல்ட் 670: உள்ளே 20 வால்வு. இன்று கைக்கு எட்டுவது மேன்லி வேரியபிள் மியூ போன்றவை.

தனிக் குரலுக்கும் நாகஸ்வரத்துக்கும் ஆப்டோவே மேல். அது அமுக்கத் தொடங்க சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். விடும்போது பாதியை 60 மில்லிசெகண்டில் விட்டு, மீதியைச் சில விநாடிகள் இழுத்து விடும். நீண்ட ஆலாபனைக்கு இந்த நிதானம் அப்படியே பொருந்துகிறது. தவிலுக்கு அதுவே வினை: தீர்மானத்தின் பெரிய அடிக்குப் பின் வரும் மெல்லிய விரல் சொற்கள், செல் இன்னும் தெளியாததால் அமுங்கிப் போகும்.

ஆப்டோவைச் செட் செய்வது எளிது. ஆன் செய்து 20 நிமிடம் சூடேற விடுங்கள். பீக் ரிடக்‌ஷனை (அமுக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) 0-வில் வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும்படி மீட்டரை கெய்ன் ரிடக்‌ஷனுக்குத் திருப்புங்கள். முள் சரியாக 0-வில் நிற்காவிட்டால் மீட்டர் ஸீரோ திருகால் நிறுத்துங்கள். சூடேறும் முன் இதைச் செய்தால் பிறகு முள் நகர்ந்துவிடும். பாடகரை உச்சஸ்தாயியில் பாடச் சொல்லி, முள் 3 முதல் 5 டெசிபல் பின்வாங்கும்வரை பீக் ரிடக்‌ஷனைத் திருப்புங்கள். இழந்த அளவைக் கடைசியில் கெய்னால் ஈடு கட்டுங்கள். கெய்னை முதலிலேயே ஏற்றிவிட்டால், சத்தம் கூடியதை நன்றாகிவிட்டதாகக் காது நம்பிவிடும். கணினியோடு இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸின் லைன் அவுட், ஸ்டூடியோ அளவான +4 டிபியூ-வில் இருக்கட்டும். கணினி வழியாகப் போய்வருவதால் ஏற்படும் தாமதத்தை ஒருமுறை அளந்து ஈடு செய்யுங்கள். இல்லாவிட்டால் மூலத்தோடு கலக்கும்போது குரல் குழாய்க்குள் இருந்து வருவது போலக் கேட்கும்.

மொத்தக் கலவைக்கு வேரி-மியூ. சத்தம் கூடக்கூட அமுக்கும் விகிதமும் தானாகவே கூடுவதால் கை வைத்த தடம் தெரியாது. 1, 2 டெசிபல் போதும். 4-ஐத் தாண்டினால் பாட்டு மூச்சு வாங்கும். தவிலின் தொப்பிப் பக்க அடிக்கு மொத்தப் பாட்டும் குனிந்து நிமிர்ந்தால், அமுக்கத்தைத் தூண்டும் பாதையான சைட்செயினில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸைப் போடுங்கள். ஸ்டீரியோவுக்கு இரண்டு ஆப்டோவை இணைக்கலாம், ஆனால் இரண்டு செல்கள் ஒரே மாதிரி அமைவது அரிது. அமுக்கம் ஏறும்போது நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாயும்.

வேரி-மியூவின் பலவீனம் ஜோடிப் பொருத்தம். கட்டுப்பாட்டு மின்னழுத்தம் எதிரெதிர் வால்வுகளுக்குச் சமமாகப் போய், வெளியேறும் டிரான்ஸ்ஃபார்மரில் ரத்தாக வேண்டும். ஒரு வால்வு தளர்ந்தால் மிச்சம் நிற்கும்; ஒவ்வொரு பெரிய அடிக்கும் அடியில் ‘டொம்’ என்று ஒரு முட்டல் கேட்கும். ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை, பொருத்திய ஜோடியாகவே வாங்க வேண்டும். ஆப்டோவில் 12ஏஎக்ஸ்7 போனால் இன்னொன்றைச் செருகிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பவை கரண்டும் உப்புக் காற்றும். ரெகுலேட்டர் இல்லாத பெட்டியில் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர், லைன் 230-லிருந்து 200-க்கு இறங்கினால் 5.5 ஆகும், 250-க்கு ஏறினால் 6.85 ஆகும். பொதுவாக 10 சதவீதம்வரைதான் தாங்கும். ரிலே ஸ்டெபிலைசர் வேண்டாம், அது மாறும் ‘டிக்’ பதிவில் விழும். சர்வோ ஸ்டெபிலைசரோ சைன்வேவ் ஆன்லைன் யுபிஎஸ்ஸோ போடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும்.

பாண்டியில் பிரான்ஸ் உறவினர் கையில் வரும் பெட்டிகள் அதிகம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கரண்டில் வம்பில்லை. வம்பு பிளக்கில்தான்: நம் சாக்கெட்டில் அது எப்படியோ உள்ளே போய்விடும், எர்த் மட்டும் சேராது. உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டிக்கு இது உயிர் விஷயம். நம்மூர் மூன்று முள் ஒயராக மாற்றிவிடுங்கள். அமெரிக்கப் பெட்டியானால் 115/230 சுவிட்சைப் பார்க்காமல் சொருகாதீர்கள்.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கம் அறை இருந்தால், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சாக்கெட்டைச் சுத்தம் செய்வதை வழக்கமாக்குங்கள். கரகரப்பும் விட்டுவிட்டு வரும் சத்தமும் பெரும்பாலும் வால்வின் குற்றமல்ல, கால்களில் படிந்த களிம்பின் குற்றம். ஒயரைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் காலியானதை மீட்டரால் உறுதி செய்தபின், கான்டாக்ட் கிளீனர் அடித்து வால்வை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். நான்கு சாக்கெட்டா, இருபதா என்பது அப்போது உறைக்கும்.

முன்பக்கக் கண்ணாடிக்குள் ஆரஞ்சு வெளிச்சம் காட்டும் மலிவுப் பெட்டிகள் தனி ரகம். பலவற்றில் வெளிச்சம் எல்இடி தருவது, வால்வு குறைந்த வோல்ட்டில் பேருக்கு நிற்பது, அமுக்குவது ஒரு ஐசி. தப்பில்லை, அந்த விலைக்கு வாங்குங்கள். வால்வு விலை கொடுக்காதீர்கள்.

பழைய ஆப்டோ வாங்கினால் கடையிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் டோனை அனுப்பி, முள் 10 டெசிபல் இறங்கவைத்து டோனை நிறுத்துங்கள். சட்டென்று பாதி ஏறி, பிறகு தவழ்ந்து 0-வுக்கு வர வேண்டும். பீக் ரிடக்‌ஷனை முழுக்கத் திருப்பியும் முள் 10-ஐத் தொடவில்லை என்றால் தகடு மங்கியிருக்கலாம். டி4 மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.