தனி ஆளாக இரண்டு நாள்: ஹைதராபாத்தா, கொல்கத்தாவா?

தனி ஆளாக இரண்டு நாள் விநோதமான இடங்களாகப் பார்க்க எந்த ஊர் நல்லது என்பதுதான் கேள்வி. போன முறை ஹைதராபாத் போனபோது, வெள்ளிக்கிழமை காலையில் முதுகில் பையோடு சாலார் ஜங் மியூசியத்தின் வாசலில் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. வெள்ளி விடுமுறையாம். சரி, பக்கத்தில்தானே என்று புரானி ஹவேலியில் இருக்கும் நிஜாம் மியூசியத்துக்கு நடந்தேன். அங்கேயும் வெள்ளி விடுமுறை. சௌமஹல்லா அரண்மனையிலும் அதே கதை. ஒரே காலையில் மூன்று பூட்டு. திட்டுவதற்குக் கூட யாரும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

கொல்கத்தாவில் இந்தத் தொல்லை திங்கள்கிழமை வரும். இந்தியன் மியூசியம், மார்பிள் பேலஸ் எல்லாம் அன்றைக்கு மூடியிருக்கும். எனவே சனி, ஞாயிறோடு வெள்ளி லீவு கிடைத்தால் கொல்கத்தா, திங்கள் கிடைத்தால் ஹைதராபாத். பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும்.

டெல்லியையும் யோசித்தேன். பாலம் பக்கம் சுலப் கழிப்பறை மியூசியம் இருக்கிறது, 1992-ல் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கியது. செங்கோட்டைக்கு எதிரே சமணர்கள் நடத்தும் பறவை ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் இரண்டும் ஊரின் இரு கோடியில். மெட்ரோவிலேயே பாதி நாள் போய்விடும் என்பதால் டெல்லியை விட்டுவிட்டேன்.

ஹைதராபாத்தின் விநோதங்கள் பெரும்பாலும் தனி ஆளின் பித்தில் பிறந்தவை. நிஜாமிடம் திவானாக இருந்த மூன்றாம் சாலார் ஜங் மிர் யூசுப் அலி கான் வாங்கிக் குவித்ததுதான் சாலார் ஜங் மியூசியம். அங்கே இசைக் கடிகாரத்தைத் தவறவிடாதீர்கள். மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே அதன் முன்னால் கூட்டம் உட்கார்ந்துவிடும். கடிகாரத்துக்குள் ஒரு குட்டிக் கொல்லன் நொடிக்கு நொடி சுத்தியல் போட்டுக்கொண்டிருப்பான். நேரம் நெருங்கியதும் தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வந்து மணியை அடித்துவிட்டு உள்ளே போய்விடும். அவ்வளவுதான். ஆனால் பகல் 12 மணிக்குப் போனால் பன்னிரண்டு அடி. ஒவ்வொரு அடியையும் பெரியவர்கள்கூட வாய்விட்டு எண்ணுகிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்பதில் எண்ணிக்கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “பத்து” என்றேன். அன்றைக்கு நான் வேறு யாரிடமும் பேசவில்லை.

நிஜாம் மியூசியத்தில் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் துணி அலமாரி இருக்கிறது. 176 அடி நீளம், கையால் இயக்கும் மர லிஃப்டும் உண்டு. ஒரு முறை உடுத்திய உடையை அவர் மறுபடி தொடமாட்டார் என்பது ஊர்ப்பேச்சு.

உயிரியல் பூங்கா பக்கத்தில் சுதா கார்ஸ் மியூசியம். சுதாகர் யாதவ் என்பவர் பள்ளிக்கூட நாளிலிருந்தே சைக்கிளையும் பழைய இரும்பையும் பிரித்து மேய்ந்தவர். பர்கர், ஹை ஹீல்ஸ் செருப்பு, கிரிக்கெட் பந்து, வெஸ்டர்ன் டாய்லெட் என்று கண்டதையெல்லாம் கார் ஆக்கி வைத்திருக்கிறார். எதுவும் பொம்மை இல்லை, எல்லாம் ஓடும். 41 அடிக்கு மேல் உயரமான மூன்று சக்கர சைக்கிள் செய்து 2005-ல் கின்னஸிலும் ஏறினார். ஒரு மணி நேரம் போதும். படம் எடுத்துக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும், அது ஒரு குறை.

தனியாகப் போனவருக்குக் கோல்கொண்டா கோட்டையிலும் ஒரு சிக்கல். கீழே ஃபதே தர்வாஸா என்ற வாசலில் கைதட்டினால் மேலே உச்சியில் பாலா ஹிஸாரில் கேட்கும். தட்டுவதும் நான், கேட்பதும் நான் என்றால் எப்படி? ஏதாவது ஒரு வழிகாட்டி தன் குழுவுக்காகத் தட்டும்வரை மேலே காத்திருங்கள், அதிக நேரம் ஆகாது.

கொல்கத்தா வேறு மாதிரி. அங்கே விநோதங்களை யாரும் சேகரித்துக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. தெருவிலேயே கிடக்கின்றன, மக்கள் அவற்றோடு குடித்தனம் நடத்துகிறார்கள். டாங்ராவில் சீனர்கள் வழிபடும் காளி கோயிலில் நூடுல்ஸ்தான் பிரசாதம். டிரெட்டி பஜாரில் விடிகாலையில் தெருவோரம் சீனச் சிற்றுண்டி விற்பார்கள், ஞாயிற்றுக்கிழமையில்தான் களை கட்டும். எட்டு மணிக்குப் போனால் காலிப் பாத்திரத்தைத்தான் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். 1767-ல் திறந்தது. பார்க் ஸ்ட்ரீட்டுக்கே ஒரு காலத்தில் பரியல் கிரவுண்ட் ரோடு என்றுதான் பெயர். உள்ளே நுழைந்தால் பாசி படிந்த பிரமிடுகள், கோபுரங்கள், மரங்களின் நிழல், வெளியே பஸ் ஹாரன். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம் என்று 1786-ல் சொன்ன வில்லியம் ஜோன்ஸ் இங்கேதான் புதைக்கப்பட்டார். சற்றுத் தள்ளி, ‘இந்து ஸ்டூவர்ட்’ என்று பெயரெடுத்த, அயர்லாந்தில் பிறந்த கம்பெனி ராணுவ அதிகாரியின் கல்லறை. அதைக் கோயில் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். இந்த இடத்துக்குத் துணையோடு போகக் கூடாது. கூட வருபவர் பத்து நிமிஷத்தில் “போலாமா?” என்பார். கொசு மட்டும் விடாது, காலையிலேயே போய்விடுங்கள்.

டிராம் 1873-ல் குதிரை இழுத்துத் தொடங்கியது, 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. இப்போது அருகிக்கொண்டே வருகிறது, எந்தத் தடம் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு நேர் எதிராக, 2024-ல் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடத் தொடங்கிய மெட்ரோ. ஆற்றின் அகலம் சுமார் 520 மீட்டர், முக்கால் நிமிஷத்தில் தாண்டிவிடும். கண் சிமிட்டினால் போச்சு. நான் திரும்பவும் ஒரு டிக்கெட் எடுத்தேன்.

செலவு விஷயம் எளிது. ஆட்டோவில் ஒருவர் போனாலும் மூவர் போனாலும் ஒரே காசு, ஹைதராபாத்தில் ஆட்டோ இல்லாமல் ஆகாது. கொல்கத்தாவில் மெட்ரோ, படகு, டிராம் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்பதால் தனி ஆளுக்கு லாபம். ஆனால் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குச் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கலாம். கொல்கத்தாவுக்கு ரயிலில் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். விமானத்தில் போகாவிட்டால் இரண்டு நாள் பயணம் என்ற பேச்சே இல்லை.

சாப்பாட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹைதராபாத்தில் ஒரு பிரியாணி சொன்னால் தனி ஆளால் முடிக்க முடியாது, பாதியை இலையில் விட மனசும் வராது. இரானி டீதான் அங்கே ஒற்றை ஆளுக்குத் துணை. சார்மினார் பக்கம் நின்றபடியே ஒஸ்மானியா பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடலாம். பரோட்டாவுக்குள் கபாபைச் சுருட்டித் தரும் கொல்கத்தாவின் காட்டி ரோல் ஒரு ஆள், ஒரு கை என்ற கணக்கில் செய்தது. அது பிறந்த கடைக்குப் பெயர் நிஜாம்ஸ் என்பது தனி வேடிக்கை. வங்காளச் சாப்பாடு ஒத்துவராவிட்டால் லேக் மார்க்கெட் பக்கம் போங்கள். அங்கே தமிழர்கள் பல காலமாக இருக்கிறார்கள், இட்லிக்கும் காபிக்கும் பஞ்சமில்லை.

தனியாக ஊர் சுற்றுவது இதுதான் முதல் தடவை என்றால் ஹைதராபாத் போங்கள். டிக்கெட், வாசல், பார்க்க வேண்டியது எல்லாம் தெளிவாக இருக்கும், குழப்பம் இல்லை. ஆனால் மாலையில் மியூசியங்கள் மூடியதும் அறைக்குத் திரும்பிப் போனைத்தான் நோண்ட வேண்டிவரும். கொல்கத்தாவில் எனக்கு அது நேரவில்லை. அடுத்த லீவு வெள்ளியா திங்களா என்று இன்னும் தெரியவில்லை. திங்களாக இருந்தாலும் கொல்கத்தாதான். கல்லறைத் தோட்டத்தில் பார்க்காத மூலைகள் நிறைய பாக்கி.