வேன் போற வழியில இந்த ஊர் இருக்கா? டர்ஃப் லைப்ரரி (மேப்ல தூரம் கணக்கு போடுற ரெடிமேட் புரோகிராம்) ரெண்டு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம்

எங்க அண்ணன் சென்னை டு திருச்சி வேன் ஓட்டுறாரு. நடுவுல எங்கயாச்சும் பார்சல் இறக்கணும்னு யாராவது போன் பண்ணா உடனே எனக்கு அடிச்சு "டேய், அது நம்ம ரூட்லதான வருது?"ன்னு கேப்பாரு, நான் ஒவ்வொரு தடவையும் மேப்பை பெருசாக்கி பாத்து சொல்லணும், அதுக்கு பதிலா ஒரு சின்ன வெப் பேஜ் செஞ்சு குடுத்துடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல டிரை பண்ணது கூகுள் மேப்ஸ் ஏபிஐல (நம்ம பேஜுக்குள்ள கூகுள் மேப்பை யூஸ் பண்ற வழி) ஜியாமெட்ரி லைப்ரரில வர்ற இஸ்-லொகேஷன்-ஆன்-எட்ஜ் ஃபங்ஷன். இடத்தோட பாயின்ட்டும், மேப்ல ரூட்டை வரைஞ்ச கோடும் குடுத்தா, அந்த இடம் கோட்டு மேல இருக்கா, ஆமா இல்லன்னு சொல்லிடும். நான் டாலரன்ஸ் (கோட்டுல இருந்து எவ்ளோ தள்ளி இருந்தா பரவால்லங்குற அளவு) எதுவும் குடுக்காம விட்டுட்டேன், அண்ணன் போற ஜிஎஸ்டி ரோட்டு மேலயே இருக்குற மேல்மருவத்தூர் கோயிலுக்கே இல்லன்னு வந்துச்சு. தப்பு என்னோடதுதான், டாலரன்ஸ் குடுக்கலன்னா பத்தின் அடுக்கு மைனஸ் 9 டிகிரின்னு டாக்குமென்ட்லயே போட்டிருக்கு, அது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. 0.001 குடுத்தா சுமார் 111 மீட்டர், அப்போ சரியா வருது. ஆமா இல்ல மட்டும் போதும்னா அதுவே தாராளமா போதும்.

ஆனா எனக்கு எவ்ளோ தள்ளி இருக்குன்னு தெரியணும். அங்கதான் டர்ஃப் ஜேஎஸ் எனக்கு ரொம்ப புடிச்சு போச்சு. ஓப்பன் சோர்ஸ், காசு இல்ல, பிரவுசர்லயே ஓடும். பாயின்ட்-டு-லைன்-டிஸ்டன்ஸ்னு ஒரு ஃபங்ஷன், கிலோமீட்டர் கணக்குல நேரா தூரத்தையே குடுத்துடும், டிகிரியை மீட்டரா மாத்துற வேலையே இல்ல. நியரஸ்ட்-பாயின்ட்-ஆன்-லைன்னு இன்னொன்னு, கோட்டுல எந்த இடம் பக்கம், அது கிளம்புன இடத்துல இருந்து எத்தனாவது கிலோமீட்டர்னு சேத்து சொல்லும், அதை வெச்சு செங்கல்பட்டு, திண்டிவனம், உளுந்தூர்பேட்டைன்னு இறக்க வேண்டிய இடத்தை எல்லாம் வரிசையா அடுக்கிட்டேன். இது அண்ணனுக்கு நான் நெனச்சதை விட பெரிய உதவி.

ரூட் கோடு ஓஎஸ்ஆர்எம்ல (ரோடு வழியா ரூட் கண்டுபுடிச்சு குடுக்குற ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்) இருந்து எடுக்குறேன். இங்க ரெண்டு விஷயம் கவனிங்க. ஓவர்வியூ செட்டிங்கை ஃபுல்னு வைங்க, இல்லன்னா அது வளைவை எல்லாம் வெட்டி சுருக்குன கோடு குடுக்கும், ரோட்டு மேலயே இருக்குற கடை கூட தள்ளி இருக்குற மாதிரி காட்டும். ரெண்டாவது, டர்ஃப் கேக்குற ஜியோஜேசன்ல (மேப் டேட்டா எழுதுற ஃபார்மட்) லாங்கிட்யூட் முதல்ல வரணும், கூகுள்ல லாட்டிட்யூட் முதல்ல. மாத்தி போட்டா சென்னை ஆர்க்டிக் கடல்ல போய் உக்காந்துக்கும்.

இப்போ குறை. டர்ஃப் குடுக்குறது பறவை பறக்குற தூரம், அதுக்கு ரோடு தெரியாது. திருச்சி கரூர் ரோடு காவிரிக் கரையை ஒட்டியே போகுது பாருங்க, அங்க 2 கிலோமீட்டர் வரைக்கும் ஓகேன்னு வெச்சா அக்கரையில இருக்குற இடமும் வழியிலதான்னு வந்துடும், ஆனா வேன் பாலம் தேடி சுத்தி போகணும். நாலு வழிச்சாலையில எதிர்ப்பக்கம் இருக்குற கடையும் அப்படித்தான், 30 மீட்டர்னு காட்டும், யூ டர்ன் எங்க இருக்கோ அங்க போய் திரும்பி வரணும். லைப்ரரி மேல குத்தம் சொல்ல முடியாது, அதோட வேலை அது இல்ல, ஆனா இது தெரியாம நம்புனா டிரைவருக்குத்தான் டீசல் போகும்.

அதனால நான் ரெண்டு படியா வெச்சிருக்கேன். டர்ஃப்ல 5 கிலோமீட்டருக்குள்ள வர்றதை மட்டும் வடிகட்டிட்டு, அந்த இடத்தை நடுவுல சேத்து ஓஎஸ்ஆர்எம்ல மறுபடி ரூட் கேட்டு, பழைய ரூட்டை விட எத்தனை நிமிஷம் கூடுதுன்னு கழிச்சு காட்டுறேன். வேடந்தாங்கல் முதல் படியிலயே போயிடும், நல்லா உள்ள தள்ளி இருக்கு. சமயபுரம் கோயில் வரும், கூடவே எவ்ளோ நேரம் கூடும்னும் வரும். ஓஎஸ்ஆர்எம்மோட பொது டெமோ சர்வர் சின்ன டெஸ்டுக்குதாங்க, தினமும் நிறைய கேக்கப் போறீங்கன்னா சொந்த சர்வர்ல போட்டுக்கங்க.

5க்கு 4.5 குடுப்பேன். அண்ணன் இப்போ எனக்கு போன் பண்றதில்ல, 15 நிமிஷத்துக்கு மேல கூடுச்சுன்னா "மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கங்க"ன்னு அவரே கஸ்டமர்கிட்ட சொல்லிடுறாரு.