பழைய வி-கிராஸ்: 2.5 லிட்டரா, 1.9 லிட்டரா?

வாரநாளில் வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு, ஞாயிறன்று படகு டிரெய்லரோடு ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளத்துக்கு. இந்த இரண்டுக்கும் இசுஸு வி-கிராஸ் பிக்கப் வண்டி சரியாக வரும். எந்த இன்ஜின் என்பதுதான் கேள்வி.

2016-இல் வந்த 2.5 லிட்டருக்கு 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்). 2021-இல் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த 1.9 லிட்டருக்கு 163, 360. டிரெய்லர் பின்னால் இருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 1.9-இல் ஆட்டோமேட்டிக் கியரும் கிடைக்கிறது; கிண்டி நெரிசலில் அது பெரிய நிம்மதி.

ஆனால் 1.9-இல் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. நாள்தோறும் நெரிசலில் ஊர்ந்தால் அது போதிய சூடேறாது; கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். வாராவாரம் ஈசிஆரில் அரை மணி நேரம் சீராக ஓட்டுபவருக்கு அந்தப் பயம் குறைவு. அதனால் என் ஓட்டு 1.9-க்கே. நகருக்குள் மட்டும் ஓட்டுபவர் 2.5 வாங்கலாம், கிளட்ச் தேய்மானம் பார்த்து.

அப்புறம், 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு வண்டி வெளியே பளபளத்தது. கார்பெட்டைத் தூக்கினால் சீட் போல்ட் இடுக்கில் காய்ந்த சேறு. விலை பேசாமலே திரும்பிவிட்டேன்.