எலும்பு ஒட்டும் காந்த பெல்ட் என்று 38,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், மதுரைக்காரர்கள் உஷார்

இன்று காலையும் அந்தக் கடை வாசலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். போனது 38,500 ரூபாய், அப்பாவின் பென்ஷன் பணம்.

திருமங்கலம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்ததில் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தும் மாதக்கணக்கில் ஒட்டவில்லை. மின்காந்த சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அது பொய் வைத்தியம் இல்லை. ஒட்டாத எலும்புக்கு அமெரிக்காவில் 1979லேயே அனுமதி கொடுத்த முறை. செம்புக் கம்பிக் காயிலில் விட்டுவிட்டு மின்சாரம் பாயும். அதில் உண்டாகும் காந்தப்புலம் மாவுக்கட்டைத் தாண்டி எலும்பைத் தூண்டும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஏமாற்றினார்கள்.

மருத்துவக் கருவிகள் விற்கும் கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயர் எழுதவில்லை. கடைக்காரர் அப்பாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, தானே பெல்ட்டைக் கட்டிவிட்டார். "சூடு ஏறுது பாருங்கய்யா, அதான் பவரு. தினம் இருபது நிமிஷம் போதும். அழகர் ஆத்துல எறங்குறப்ப நடந்தே போயிருவீங்க" என்றார். விபத்துக்கு அப்புறம் அப்பா முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். அங்கேயே 38,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் போய்விட்டார். எக்ஸ்ரேயில் அதே விரிசல்.

பெல்ட்டைத் தொட்டுப் பார்த்த டாக்டர், "இது ஏன் சுடுது? உண்மையான கருவின்னா உடம்புக்கு ஒண்ணுமே தெரியாது, தினமும் மணிக்கணக்கா வைக்கணும்" என்றார். எங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் பிரித்துக் காட்டினார். உள்ளே காயிலே இல்லை. சூடாகும் கம்பி, செல்போனில் அதிர்வுக்கு வைப்பது மாதிரி ஒரு குட்டி மோட்டார், ஒரு பச்சை விளக்கு. இதற்கா 38,500 ரூபாய்!

கேட்டால், "ஓனர் திண்டுக்கல் போயிருக்காருண்ணே." அப்புறம், "கம்பெனிக்கு எழுதியிருக்கோம்." அப்புறம், "பிரிச்சுட்டீங்கள்ல, வாரண்டி கிடையாது." இன்று, "பெரியவருக்கு வயசாயிருச்சு, மெஷின் என்னண்ணே பண்ணும்?" பில் என்று கொடுத்த துண்டுச் சீட்டில் 'பெல்ட் 1' என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. எந்தக் கருவி என்று டாக்டர் சீட்டில் எழுதித் தராமல் வாங்காதீர்கள். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் லைசென்ஸ் நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிட்டேயே போகாதீர்கள். முறையான பில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். இதே மாதிரி பெல்ட் வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.