மின்வேனா, பொட்டலப் பெட்டகமா, கூட்டு வண்டியா?

சிங்கப்பூரில் சரக்கு விநியோகத்தைச் சுத்தமாக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன. டீசல் வேனை மின்வேனாக மாற்றலாம். வீட்டுக்கு வரும் பொட்டலங்களை, வாங்கியவரே வந்து எடுத்துக்கொள்ளும் பொதுப் பெட்டகத்தில் வைத்துவிடலாம். பல கடைகளின் சரக்கை ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பலாம். பேச்சும் பணமும் முதல் வழிக்கே அதிகம் போகின்றன. மூன்றாவதற்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

மின்வேனின் பலனை முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். சிறிய டீசல் வேன் ஒன்று 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ வீதம் 24 கிலோ கரியமிலவாயு வெளியாகும். அதே அளவுள்ள மின்வேன் அந்தத் தூரம் ஓட 25 கிலோவாட் மணி மின்சாரம் போதும் என்று கொள்வோம். நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் அதுவும் முழுச் சுத்தமில்லை. கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 0.4 கிலோ. மொத்தம் 10 கிலோ. பாதிக்கும் குறைவு! அடுக்குமாடி புளோக்கின் கீழே வண்டி நிற்கும்போது புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. 2021 ஏப்ரல் முதல் மாசு குறைந்த இலகுரக சரக்கு வாகனங்களுக்கு ஊக்கத்தொகைத் திட்டம் நடப்பில் உள்ளது. 2030க்குள் 60,000 மின்னூட்ட முனைகள் அமைப்பதும் அரசின் இலக்கு.

ஆனால் கால்வாசி மட்டும் நிரம்பிய மின்வேனும் சாலையில் முழு வேனின் இடத்தைத்தான் அடைக்கும். லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில் சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வருவதில் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் வித்தியாசம் இல்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் வேலையைக் குறைப்பது பெட்டகம். 2018 இறுதியில் பொங்கோலிலும் புக்கிட் பாஞ்சாங்கிலும் முன்னோட்டம் நடந்தது; 2021 முதல் தீவு முழுவதும் ஏறத்தாழ 1,000 பெட்டகங்கள் என்ற திட்டத்தோடு விரிவடைந்தது. ஓட்டுநர் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டாம். வீட்டில் ஆளில்லாமல் மறுநாள் திரும்பவும் வர வேண்டாம். ஒரு நிறுத்தத்தில் பல வீட்டுப் பொட்டலங்கள் முடிந்துவிடும். துணிமணி, புத்தகம், கைத்தொலைபேசி உறைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பத்துக் கிலோ அரிசிக்கு? முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் பாட்டிக்கு அது வாசலுக்கே வர வேண்டும். அந்தச் சேவையைப் பெட்டகத்தின் பெயரால் குறைக்கக் கூடாது.

மின்சைக்கிள் சாப்பாடு கொண்டுபோகச் சரி. சைக்கிளின் சொந்த எடைக்கு 20 கிலோ வரம்பும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேக வரம்பும் இருக்கும்வரை கனமான சரக்குக்கு அதை நம்ப முடியாது.

கூட்டு விநியோகத்துக்கு இங்கேயே முன்மாதிரி உண்டு. தெம்பனிஸ் மால், பிடோக் மால் போன்ற கடைத்தொகுதிகளில், லாரிக்காரர் சரக்கை இறக்குமிடத்தில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப, ஒரே குழு அதைக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையைச் செயல்படுத்தினார்கள். இதையே கடைத்தொகுதிக்கு வெளியே, ஒரு வட்டாரத்துக்கென்று செய்யலாம்: எல்லா மொத்த வியாபாரிகளின் சரக்கும் ஒரு கிடங்குக்கு வரட்டும், அங்கிருந்து நிரம்பிய வண்டி தெருவுக்குள் போகட்டும். அரைகுறையாக நிரம்பிய நான்கு வண்டிகளின் வேலையை இரண்டு செய்துவிடும்.

லிட்டில் இந்தியாவில் இது ஏன் எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சப்ளையரின் ஓட்டுநர் சரக்கை மட்டும் இறக்குவதில்லை. பழைய பாக்கியை வாங்குகிறார், உடைந்த டின்னைத் திருப்பி எடுக்கிறார், அடுத்த ஆர்டரையும் எழுதிக்கொள்கிறார். பொதுவண்டி ஓட்டுநருக்கு அந்த உறவு கிடையாது. பக்கத்துக் கடை என்ன விலைக்கு எவ்வளவு வாங்குகிறது என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு. நியாயமான பயம்தான். மல்லிகைப்பூ, வாழையிலை, மீன் ஆகியவை கிடங்கில் காத்திருக்கவும் முடியாது.

ஆகவே அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா என்று கெடாத சரக்கில் தொடங்கலாம். பில்லை உறையில் மூடி அனுப்பலாம். பாக்கியைக் கைத்தொலைபேசி வழியே செலுத்தலாம். கடைக்காரர்களின் சங்கம் ஒரே ஒரு தெருவில், தீபாவளிக் கூட்டம் முடிந்த அமைதியான மாதத்தில், முயன்று பார்க்கட்டும். முதல் சில மாதங்களுக்குக் கிடங்கு வாடகையை அரசு ஏற்கட்டும். அந்தத் தெருவுக்குள் ஓடும் கூட்டு வண்டி மின்வண்டியாக இருந்தால், மின்வாகன ஊக்கத்தொகையை முதலில் அதற்கே கொடுக்க வேண்டும்.