மனச்சோர்வுக்கான மின்தூண்டல் தலைப்பட்டை: கருவி நன்று, விளம்பரத்தில் பாதி உண்மை

மனநல மருத்துவரின் அறிவுரைப்படி, மருந்தை நிறுத்தாமல், வீட்டிலேயே அணியக்கூடிய மின்தூண்டல் தலைப்பட்டை ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். நெற்றியின் இருபுறமும் பதியும் மின்முனைகள் வழியாக 2 மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டத்தை அரை மணி நேரம் செலுத்தி, மனச்சோர்வில் மந்தமாகிவிடும் இடப்பக்க முன்மூளையின் நரம்பணுக்கள் எளிதில் தூண்டப்படும் நிலையை உருவாக்குவதே இதன் நோக்கம். மயக்க மருந்து கொடுத்து, ஏறத்தாழ 800 மில்லிஆம்பியர் செலுத்தி வலிப்பை உண்டாக்கும் மின்னதிர்வுச் சிகிச்சை முற்றிலும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கருவியின் வடிவமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்புநீரில் நனைத்த பஞ்சு நெற்றியில் சீராகப் படிந்தால், மின்னோட்டம் மெல்ல ஏறும் தொடக்கத்தில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு தோன்றிச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். பஞ்சின் ஓரம் காய்ந்துவிட்டாலோ குறுகுறுப்பு எரிச்சலாக மாறும். அந்த நிலையில் தொடர்ந்தால் தோல் புண்ணாகலாம் என்பதால், உடனே நிறுத்திப் பஞ்சை மீண்டும் நனைப்பதே சரி. கழற்றியபின் நெற்றியில் தெரியும் சிவந்த தடம் தானாக மறைந்துவிடும்.

என் மனக்குறை விளம்பரத்தைப் பற்றியது. 2024-இல் வெளியான எம்பவர் ஆய்வில், 174 பேரில் உண்மைக் கருவி பெற்றவர்களில் சுமார் 45 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட, சிகிச்சை அளவு மின்னோட்டம் செலுத்தாத போலிக் கருவி பெற்றவர்களில் சுமார் 22 விழுக்காட்டினரும் 10 வாரங்களில் நோயறிகுறிகள் தணிந்த நிலையை எட்டினர் என்பதை விற்பனையாளர் பெரிதாக அச்சிடுகிறார். ஆனால் அந்த ஆய்வில் காணொளி வழியே மேற்பார்வை இருந்ததை அவர் சொல்வதில்லை. மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது போலிக் கருவியைவிட இவ்வகை மின்தூண்டல் மேலானதாக இல்லை என்ற 2023-ஆம் ஆண்டு ஜெர்மன் ஆய்வும், எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு இணையானது என்று நிறுவ முடியாமற்போன 2017-ஆம் ஆண்டு பிரேசில் ஆய்வும் அவருடைய கையேட்டில் எங்கும் இல்லை. நோயில் தளர்ந்து நம்பிக்கை தேடுபவரிடம் இவற்றை மறைப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

எனக்கு உறக்கம் சீரானது; காலையில் எழுவதும் எளிதானது. மருந்தையும் ஒழுங்கான மருத்துவச் சந்திப்புகளையும் விடுத்து, இதைக் கருவிக்கு மட்டும் உரியதாக எழுத எனக்கு மனமில்லை.

மண்டையோட்டில் உலோகம் பொருத்தியவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைத் தாமாக வாங்கக் கூடாது; இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு மிகையெழுச்சி (அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும்) தோன்றும் வாய்ப்பு உண்டு. தற்கொலை எண்ணம் இருந்தால் கருவியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்து, வாடகைக்கும் கிடைக்குமானால், முழு விலை கொடுப்பதற்கு முன் 10 வாரங்களுக்கு வாடகையில் எடுத்துப் பார்ப்பதையே பரிந்துரைப்பேன்.